இதய நோய்ப் பிரிவில் சிறுநீரை ஏன் அளக்கிறோம்?

மாரடைப்புக்காகவோ மூச்சுத்திணறலுக்காகவோ ஒருவர் இதய நோய்ப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். முதல் நாளே அவருடைய படுக்கையருகில் ஓர் அளவுக் குவளை வைக்கப்படுகிறது. குடிக்கும் நீரையும் கழிக்கும் சிறுநீரையும் அளந்து தாளில் குறிக்கும்படி செவிலியர் கேட்டுக்கொள்கிறார். காலைதோறும் எடை பார்க்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். நெஞ்சு நோய்க்காக வந்தவருக்கு இவையெல்லாம் எதற்கு என்ற கேள்வி உடனிருப்போருக்கு எழுவது இயல்பே. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "கிரியாட்டினின் சற்று ஏறியிருக்கிறது, சிறுநீரக மருத்துவரும் வந்து பார்ப்பார்" என்று மருத்துவர் கூறும்போது அக்கேள்வி அச்சமாக மாறிவிடுகிறது. இதயத்தைச் சீராக்க வந்த இடத்தில் சிறுநீரகம் கெட்டுவிட்டதா, இனி ஆயுள் முழுதும் டயாலிசிஸ்தானா என்று குடும்பமே கலங்கிப்போகிறது.

இவ்வாறு சில மணி நேரத்துக்குள்ளோ சில நாள்களுக்குள்ளோ சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைவதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். பல ஆண்டுகளாக மெல்ல வளரும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, இது வேறு. இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைகிறது. பெரிய இதய அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இந்நிலையைச் சந்திக்கின்றனர். எனவே இது அரிதாக நேரும் விபத்தன்று. எதிர்பார்த்துக் கண்காணிக்க வேண்டிய ஒன்று. காலத்தே கண்டறிந்தால் பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது. அவ்வாறு கண்டறிவதில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ளதைப் போன்றே படுக்கையருகே இருப்பவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடையும் வடிகாலும்

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடைதான் இருக்கும். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும், ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் அவற்றுக்கே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் 99 விழுக்காட்டை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுகிறது. இவ்வளவு இரத்தத்தை நம்பி வாழும் உறுப்பு, இதயம் தளரும்போது முதலில் அதை உணர்வதில் வியப்பில்லை.

இதை ஒரு வயலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். வயலுக்கு மடை வழியாக நீர் வர வேண்டும். வடிகால் வழியாக மிகுநீர் வெளியேறவும் வேண்டும். மடையில் நீர்வரத்து குறைந்தால் பயிர் வாடும். வடிகால் அடைபட்டாலோ நீர் தேங்கிப் பயிர் அழுகும். சிறுநீரகத்துக்குத் தமனி மடை, சிரை வடிகால். மாரடைப்பால் இதயத் தசை பெரிதும் சேதமுற்று இரத்த அழுத்தம் சரியும்போது மடையில் வரத்து குறைகிறது. இதயச் செயலிழப்பில் உடலில் நீர் தேங்கி, கால் வீங்கி, சிரைகளில் அழுத்தம் கூடும்போது வடிகால் அடைபடுகிறது.

நெடுங்காலமாக மருத்துவ உலகம் மடையைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்பட்டது. ஆனால் வடிகாலின் முக்கியத்துவத்தை விண்டன் என்னும் ஆய்வாளர் 1931இலேயே காட்டியிருந்தார். உடலிலிருந்து பிரித்தெடுத்த விலங்கின் சிறுநீரகத்தில் சிரையின் அழுத்தத்தை உயர்த்தியபோது சிறுநீர் குறைந்ததை அவர் பதிவு செய்தார். 2009இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர்கள், முற்றிய இதயச் செயலிழப்புடன் சேர்க்கப்பட்ட 145 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதனை மீண்டும் உறுதிப்படுத்தியது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைந்ததைவிட, சிரைகளில் அழுத்தம் கூடியிருந்ததே சிறுநீரகம் நலிவதோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. இதயமும் சிறுநீரகமும் ஒன்றையொன்று பாதிக்கும் இந்த உறவை இத்தாலியச் சிறுநீரக மருத்துவர் கிளாடியோ ரோன்கோவும் அவருடைய குழுவினரும் 2008இல் ஐந்து வகைகளாகப் பகுத்தனர். திடீரென இதயம் நலிந்து, அதனால் சிறுநீரகம் நலிவது அவற்றுள் முதல் வகை.

கிரியாட்டினின் ஏறியும் நீர் மாத்திரையைக் கூட்டுவது ஏன்?

உடனிருப்போரை மிகவும் குழப்பும் நிலை இதுதான். கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்று சொல்லும் அதே மருத்துவர், சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைட் ஊசியின் அளவைக் கூட்டுகிறார். "ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்தை மேலும் வருத்தலாமா? நிறைய நீர் குடித்தால் சரியாகிவிடுமே?" என்று பலர் எண்ணுகின்றனர்.

வடிகால் அடைபட்ட வயலுக்கு மடையை மேலும் திறந்துவிடுவது தீர்வாகாது. உடலில் நீர் தேங்கியுள்ள நோயாளிக்கு அந்நீரை வெளியேற்றுவதே சிறுநீரகத்துக்கும் செய்யும் உதவி. இதய அழுத்தம் குறைந்து, சிரைகள் இளகியதும் சிறுநீரகத்தில் இரத்த ஓட்டம் சீராகிறது. 2011இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் 308 நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு ஃபியூரோசமைட் குறைந்த அளவிலும் மற்றொரு பிரிவினருக்கு அதிக அளவிலும் தரப்பட்டது. அதிக அளவு பெற்றோரிடம் தேங்கிய நீர் கூடுதலாக வெளியேறியது. அவர்களுள் சற்று அதிகமானோருக்கு முதல் சில நாள்களில் கிரியாட்டினின் ஏறினாலும், 60ஆம் நாளில் இரு பிரிவினருக்கும் இடையே சிறுநீரகச் செயல்பாட்டில் வேறுபாடு இல்லை. ஆகவே, நோயாளியின் மூச்சு இலகுவாகி, வீக்கம் வடிந்து, எடை குறைந்துவரும் வேளையில் கிரியாட்டினின் சிறிது ஏறினால் மருத்துவர் பதற்றமடைவதில்லை. மாறாக, கிரியாட்டினின் ஏறுகிறது, சிறுநீரும் குறைகிறது, மூச்சுத்திணறலும் தணியவில்லை என்றால் அது எச்சரிக்கை மணி.

எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது என்பதையும் மறத்தலாகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக நீர் மாத்திரை ஆகியவற்றால் உடல் வறண்டவருக்கு நீர் கொடுப்பதே மருந்து. ஒரே கிரியாட்டினின் எண்ணுக்கு ஒருவருக்கு நீரை வெளியேற்றுகிறோம். அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு நீரை ஏற்றுகிறோம். அடுத்த படுக்கையைப் பார்த்து நம் நோயாளியின் சிகிச்சையை மதிப்பிடுவது இதனாலேயே தவறாகப் போகிறது.

ஆஞ்சியோகிராமும் பைபாஸும்

இதயத் தமனிகளின் அடைப்பைக் காண ஆஞ்சியோகிராம் செய்யும்போது அயோடின் கலந்த சாய மருந்து செலுத்தப்படுகிறது. இது சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் ஏறத் தொடங்கி, 3 முதல் 5 நாள்களில் உச்சம் தொட்டு, ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீரிழிவு நோயாளிகள், இரத்த அழுத்தம் சரிந்தவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம்.

இந்த அச்சத்தால் ஆஞ்சியோகிராமே வேண்டாம் என்று மறுப்போரும் உண்டு. கடும் மாரடைப்பின்போது தமனி அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது. அடைப்பை நீக்காமல் விட்டால், வலிமை இழந்த அவ்விதயமே பின்னர் சிறுநீரகத்துக்குப் பகையாகிறது. அவசரமில்லாத சோதனைகளில் மருத்துவர்கள் சாய மருந்தின் அளவைக் குறைத்தும், உடலில் நீர்ச்சத்தைச் சீராக்கியும், சிறுநீரகத்துக்குத் தீங்கான மருந்துகளை முன்கூட்டியே நிறுத்தியும் காப்புச் செய்கின்றனர். இதற்கெனத் தனி மாத்திரை இல்லையா என்று கேட்போருக்கு ஒரு செய்தி: முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையை ஏறக்குறைய 5,000 நோயாளிகளிடம் சோதித்து 2018இல் வெளியான பெரிய ஆய்வு, அதனால் பயனில்லை என்று காட்டியது.

பைபாஸ் போன்ற அறுவை சிகிச்சைகளில் காரணங்கள் பல. இதய–நுரையீரல் இயந்திரம் இரத்தத்தைச் சுழலச் செய்யும் நேரத்தில் சிறுநீரகத்துக்குச் செல்லும் ஓட்டமும் அழுத்தமும் மாறுகின்றன. இரத்த இழப்பு, அழற்சி, இயந்திரத்தில் சிவப்பணுக்கள் சிதைவது ஆகியவையும் சேர்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியாக வரும் சிறுநீரைச் செவிலியர் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்வது இதனாலேயே.

பிந்தி வரும் எண், முந்தி வரும் சான்று

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவுப்பொருள். சிறுநீரகம் அதை வெளியேற்றத் தவறும்போது இரத்தத்தில் அது சேர்கிறது. ஆனால் சேர்வதற்கு நேரம் பிடிக்கிறது. இன்று காலை சிறுநீரகம் அடிபட்டால், நாளையோ மறுநாளோதான் அந்த எண் அதைத் தெளிவாகக் காட்டும். சிறுநீரின் அளவோ பல நேரங்களில் அன்றே குறைந்துவிடுகிறது. அளவுக் குவளையின் அருமை இங்குதான் விளங்குகிறது.

உலக அளவில் 2012 முதல் பின்பற்றப்படும் வரையறையின்படி, கீழ்க்காணும் மூன்றில் ஒன்று இருந்தாலே திடீர் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொள்ளப்படுகிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஏறுவது ஒன்று. ஏழு நாள்களுக்குள் அது முன்பிருந்த அளவைப் போல் ஒன்றரை மடங்காவது இரண்டாவது. ஆறு மணி நேரம் தொடர்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் வருவது மூன்றாவது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டால் மணிக்கு 30 மி.லி.; ஆறு மணி நேரத்துக்கு 180 மி.லி. இதற்கும் குறைந்தால் செவிலியரிடம் அப்போதே சொல்ல வேண்டும். காலைச் சுற்றுக்கு மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வரையறையில் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய மற்றொரு நுட்பமும் உண்டு. கிரியாட்டினின் 0.8 ஆக இருந்தவருக்கு அது 1.2 ஆனால், ஆய்வக அறிக்கையில் அந்த எண் 'இயல்பு' என்றே அச்சாகியிருக்கும். ஆனால் அது ஒன்றரை மடங்கு ஏற்றம். அதாவது, பாதிப்பு தொடங்கிவிட்டது. வேறொருவருக்குப் பல ஆண்டுகளாகவே கிரியாட்டினின் 1.8 என்று நிலைத்திருக்கலாம். அதே 1.8 அவருக்குப் புதிய ஆபத்தைக் குறிப்பதில்லை. பழைய எண் தெரியாமல் புதிய எண்ணுக்குப் பொருள் கூற இயலாது. ஆகவே நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துவரும்போது கடந்த ஓரிரு ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும், அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். மருத்துவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அது.

அளக்கும்போது சில செய்திகளை மனத்திற்கொள்க. தேநீர், மோர், கஞ்சி, ரசம், மாத்திரை விழுங்கக் குடித்த நீர் ஆகிய அனைத்தும் குடித்த கணக்கில் சேரும். கழிவறையில் கணக்கின்றிப் போன சிறுநீரை 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்து ஓர் எண்ணை எழுதுவதைவிட அது மேலானது. எடையை நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் பார்க்க வேண்டும். ஓர் இரவுக்குள் ஒரு கிலோ எடை கூடினால் அது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்தான், சதை அன்று. முதிய ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பதால், சிறுநீர்க் குழாயை எடுத்தபின் சிறுநீர் உற்பத்தியாகியும் வெளியேறாமல் தங்கிவிடலாம். அடிவயிறு உப்பி, சிறுநீர் வரும் உணர்வு இருந்தும் வரவில்லை என்று அவர் சொன்னால் உடனே தெரிவியுங்கள். இவ்வகை அடைப்பு எளிதில் நீக்கக்கூடியது.

அன்பால் நேரும் தீங்கு

நாக்கு வறண்டு நீர் கேட்கும் தந்தைக்கு மருத்துவர் வகுத்த அளவுக்கு மேல் ஒரு குவளை நீர் கொடுப்பது அன்பினால்தான். 'உடம்புச் சூடு தணியட்டும்' என்று இளநீர் வாங்கி வருவதும் அன்பினால்தான். ஆனால் ஒரு குவளை இளநீரில், அதாவது ஏறக்குறைய 250 மி.லி.யில், 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் உள்ளது. நல்ல சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். நலிந்த சிறுநீரகத்தால் இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகும்போது இதயத் துடிப்பே தாறுமாறாகி, நின்றுவிடவும் கூடும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் 'குறைந்த சோடியம்' உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அவற்றிலும் இதே ஆபத்து உண்டு. நாவறட்சிக்கு வாய் கொப்பளித்தல், உதடுகளை ஈரத்துணியால் துடைத்தல், சிறு பனிக்கட்டித் துண்டைச் சப்புதல் ஆகியவை உதவும். பனிக்கட்டியும் நீர்க் கணக்கில் சேரும். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவற்றை வெளியிலிருந்து கொண்டுவரும் உணவோடு தவிர்த்துவிடுங்கள்.

வலி மாத்திரை மற்றோர் அபாயம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாயைச் சுருக்குகின்றன. ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற இதய மாத்திரைகள் வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்குழாயை விரிக்கின்றன. நீர் மாத்திரையோ மொத்த நீர்ச்சத்தைக் குறைக்கிறது. இம்மூன்றும் ஒருவருக்கு ஒரே வேளையில் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் சரிந்து சிறுநீரகம் திடீரென நின்றுபோகலாம். இவற்றுள் இதய மாத்திரையும் நீர் மாத்திரையும் தேவையானவை. தவிர்க்க வேண்டியது வலி மாத்திரை. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்குவதையும், உட்பொருள் என்னவென்று தெரியாத சூரணங்களையும் கஷாயங்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் கடிந்துகொள்ளப்போவதில்லை, சிகிச்சையின் திசை அந்த ஒரு தகவலால் மாறக்கூடும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ராமிப்ரில் வகை மாத்திரையைத் தொடங்கியபின் கிரியாட்டினின் சிறிது ஏறியது என்று கேள்விப்பட்டு, வீட்டிலேயே அதை நிறுத்திவிடுகின்றனர். இம்மாத்திரையைத் தொடங்கியபின் சுமார் 30 விழுக்காடு வரையிலான ஏற்றம் பல நேரங்களில் எதிர்பார்க்கப்படுவதே. நெடுநாளில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் மருந்து அது. நிறுத்துவதா, குறைப்பதா, சில நாள் கழித்துத் தொடர்வதா என்பதைப் பொட்டாசியத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

டயாலிசிஸ் என்ற சொல்

சிறுநீரகப் பாதிப்பு அடைந்தோரில் சிறு பகுதியினருக்கே டயாலிசிஸ் தேவைப்படுகிறது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி மருந்துக்கு அடங்காதபோதும், நுரையீரலில் நீர் கோத்து ஊசி மருந்தால் வெளியேறாதபோதும், இரத்தத்தில் அமிலத்தன்மை கடுமையாகும்போதும், கழிவுகள் சேர்ந்து மனக்குழப்பம் போன்ற விளைவுகள் தோன்றும்போதும் அது உயிர் காக்கும் சிகிச்சை. இரத்த அழுத்தம் மிகக் குறைந்த இதய நோயாளிக்கு, நாள் முழுவதும் மெதுவாக நடைபெறும் டயாலிசிஸ் முறையும் உண்டு.

'ஒருமுறை செய்தால் ஆயுள் முழுதும் செய்ய வேண்டும்' என்ற நம்பிக்கையால் சில குடும்பங்கள் ஒப்புதல் தரத் தயங்குகின்றன. அத்தயக்கத்தில் கழியும் மணிநேரங்கள் விலை மிக்கவை. டயாலிசிஸின் வரலாறே இதற்கு மறுமொழி கூறும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1945இல் அதனால் முதன்முதலாக உயிர் பிழைத்தவர் 67 வயதுப் பெண்மணி. அவருக்கு வந்தது திடீர் சிறுநீரகச் செயலிழப்பே. இயந்திரம் இடைக்காலத்தைக் கடக்க உதவியது. அவருடைய சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அவர் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். திடீர்ப் பாதிப்பில் டயாலிசிஸ் என்பது ஆற்றைக் கடக்க உதவும் ஓடம் போன்றது. கரை சேர்ந்தபின் பலருக்கு அது தேவைப்படுவதில்லை. முன்பே சிறுநீரக நோய் இருந்தோருக்கும் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தோருக்கும் அது நீடிக்க நேரலாம். இதனை மருத்துவர் முன்கூட்டியே எடுத்துரைப்பார். நீங்களும் தயங்காமல் கேட்கலாம்.

வேறு சிலர், "ஏன் இன்னும் டயாலிசிஸ் தொடங்கவில்லை?" என்று வருந்துகின்றனர். 15 நாடுகளில் ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், அவசரக் காரணம் தோன்றும் முன்பே டயாலிசிஸ் தொடங்கியதால் 90 நாள்களில் கூடுதல் உயிர்கள் காக்கப்படவில்லை. உயிர் பிழைத்தோரிலும், முன்கூட்டியே தொடங்கியவர்களுள் கூடுதலானோர் டயாலிசிஸைத் தொடர வேண்டியதாயிற்று. ஆகவே அவசரம் இல்லாதபோது உன்னிப்பாகக் கண்காணித்துக் காத்திருப்பதும் சிகிச்சையே.

வீடு திரும்பியபின்

நோயாளி வீட்டுக்குச் செல்லும் நாளில் கிரியாட்டினின் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. இறங்கிவிட்டாலும் கதை முடிந்துவிடுவதில்லை. ஒருமுறை பாதிப்படைந்த சிறுநீரகத்துக்கு மறுமுறையும் பாதிப்பு வரவும், பிற்காலத்தில் நாட்பட்ட நோயாக மாறவும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இதய மருத்துவரைத் தவறாமல் பார்க்கும் பலர், வலியோ வேறு அறிகுறியோ தராத சிறுநீரகத்தை மறந்துவிடுகின்றனர்.

புறப்படும் முன் 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்னும் அறிக்கையில் நான்கு செய்திகள் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையேல் எழுதித் தரும்படி கேளுங்கள்.

1. சேர்க்கப்பட்ட நாளிலும், உச்சத்திலும், புறப்படும் நாளிலும் கிரியாட்டினின் எவ்வளவு?
2. எந்த மருந்துகள் நிறுத்தப்பட்டன, அவற்றை எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்?
3. புறப்படும் நாளில் எடை எவ்வளவு, நாளொன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம்?
4. கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனைகளை அடுத்து எந்தத் தேதியில் செய்ய வேண்டும்?

இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. மருத்துவமனையில் நிறுத்தப்பட்ட மெட்ஃபார்மினை வீட்டிலிருக்கும் பழைய அட்டையிலிருந்து தாமாகவே தொடங்கிவிடுவோர் உண்டு. தொடங்க வேண்டிய இதய மாத்திரையை மாதக்கணக்கில் மறந்துவிடுவோரும் உண்டு. பழைய அட்டைகளைத் தனியே கட்டி வைத்துவிட்டு, புதிய சீட்டில் உள்ளவற்றை மட்டுமே கொடுங்கள்.

வீட்டிலும் காலை எடையை ஒரு நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிறுநீர் வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்தாலோ அன்றே மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளுங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உணவும் நீரும் இறங்காத நாளிலும் அவ்வாறே செய்யுங்கள். அத்தகைய நாள்களில் நீர் மாத்திரை, ராமிப்ரில் வகை மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். பல் மருத்துவர், எலும்பு மருத்துவர் என்று வேறு யாரிடம் சென்றாலும், சாய மருந்து செலுத்தும் ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், "இவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது" என்று முதலிலேயே கூறுங்கள்.

பாதிப்பு நேர்ந்த மூன்றாம் மாதத்தில் சிறுநீரகத்தை மீண்டும் மதிப்பிட வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய இரண்டு எளிய சோதனைகளே அப்போது தேவைப்படும். சிறுநீரகம் முழுமையாக மீண்டதா, எஞ்சிய குறையோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பது அந்நாளில்தான் தெளிவாகத் தெரியும். மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளிலேயே அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.